‘பேலன்ஸ்’ யாருடைய பணம்?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்ததன் சுருக்கம்: தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர், ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியே கிரெடிட் கார்டு கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் மாத பில்லில் பாதி புரியவில்லை, கஸ்டமர் கேரில் ஆங்கிலத்தில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்றாட ஆங்கிலத்தையும் இந்தக் கார்டு ஆங்கிலத்தையும் எங்கிருந்து தொடங்குவது, எந்த அகராதி வாங்குவது என்று கேட்கிறார்.

அகராதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தம்பி. நான் 11 வருடம் சென்னையில் ஒரு வங்கியின் கார்டு கால் சென்டரில் இருந்தேன். முதலில் தமிழ் லைன், பிறகு ஆங்கில லைன், கடைசியில் புகார்ப் பிரிவு. இப்போது திண்டுக்கல்லில் மாலை வேளைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்விப்படாத சொல் வந்தால் நம் ஆட்கள் கூச்சப்படாமல் நிறுத்திக் கேட்டுவிடுவார்கள். “சார்ஜ்பேக்குன்னா என்னம்மா?” என்பார்கள், சொல்வேன், முடிந்தது. காசை விட்டவர்கள் பெரும்பாலும் பேலன்ஸ், ட்யூ, அட்வான்ஸ், மினிமம், பிளாக் போன்ற சொற்களில்தான் விட்டார்கள். சின்ன வயதிலிருந்து வீட்டில் புழங்கும் சொற்கள். தமிழுக்குள் வந்து, கொஞ்சம் வேறு அர்த்தத்தில் குடியேறிவிட்டவை. வங்கி அதே சொல்லைத் தன் அர்த்தத்தில் அச்சடித்து அனுப்புகிறது, நாம் நம் அர்த்தத்தில் படிக்கிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் தமிழ் லைனில் வந்தார். நல்ல கணீர்க் குரல். “உங்க பேங்குல என் பேலன்ஸ் 18,400 ரூபா இருக்குன்னு பில்லு வந்திருக்கும்மா. அதை என் சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மாத்தி விட்டுடுங்க” என்றார். பில்லில் இருந்தது “அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸ்”. “ஐயா, அது நீங்க கட்ட வேண்டிய தொகை” என்று நான் மெதுவாகச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவுட்ஸ்டாண்டிங்னா மிகச் சிறப்புன்னு அர்த்தம். 32 வருஷம் பசங்க ரிப்போர்ட் கார்டுல நானே எழுதியிருக்கேன். எனக்கு நீ இங்கிலீஷ் சொல்லித் தரியா?”

அவர் மேல் தப்பே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் “பேலன்ஸ் அப்புறம் வாங்கிக்கங்க” என்றால் அது நமக்கு வர வேண்டிய காசு. சேமிப்புக் கணக்கில் பேலன்ஸ் என்றால் நம் காசு. போன் பேலன்ஸும் அப்படியே. வாழ்நாள் முழுக்க நமக்குச் சாதகமாகவே இருந்த சொல், கார்டு பில்லில் மட்டும் கட்சி மாறி நிற்கிறது. ஆங்கிலத்தில் பேலன்ஸ் என்றால் கழித்துக் கூட்டியபின் மிஞ்சும் தொகை, அவ்வளவுதான். அது யாருக்கு மிஞ்சுகிறது என்பதைக் கணக்கின் வகைதான் சொல்லும். அவுட்ஸ்டாண்டிங்கும் ஒன்றும் புதிரில்லை. கூட்டத்திலிருந்து எடுப்பாக வெளியே தெரிகிற மாணவன் அவுட்ஸ்டாண்டிங் மாணவன். வசூலாகாமல் நிற்கிற பணம் அவுட்ஸ்டாண்டிங் பணம். உங்கள் கடை முதலாளியே சொல்லிக் கேட்டிருப்பீர்களே, “மார்க்கெட்டுல மூணு லட்சம் வெளியில நிக்குது” என்று? அதே சொல்தான், அப்படியே ஆங்கிலத்தில். இப்படித் தமிழ் வழக்கோடு கோர்த்துக்கொண்டால் மறக்காது.

அடுத்தது ‘ட்யூ’. இதில்தான் அதிகப் பணம் போகிறது. நம் ஊரில் ட்யூ என்றால் தவணை. “வண்டி ட்யூ கட்டணும்”, “ரெண்டு ட்யூ நின்னு போச்சு.” கார்டு பில்லில் மேலே “டோட்டல் அமௌன்ட் ட்யூ 20,000” என்றும், பக்கத்திலேயே “மினிமம் அமௌன்ட் ட்யூ 1,000” என்றும் இருக்கும். தவணை என்ற அர்த்தத்தோடு வருகிற மனசு என்ன செய்யும்? மொத்தக் கடன் 20,000, இந்த மாதத் தவணை 1,000 என்று எடுத்துக்கொள்ளும். கச்சிதமாகப் பொருந்துகிற தப்பு. ஆங்கிலத்தில் ட்யூ என்றால் ‘கொடுபட வேண்டியது’. 20,000 முழுவதும் அந்தத் தேதிக்குள் கொடுபட வேண்டியதுதான். 1,000 கட்டினால் தாமதக் கட்டணமும் கெட்ட பெயரும் வராது, ஆனால் வட்டி வரும்.

எவ்வளவு வரும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் யாரும் இதைப் போட்டுக் காட்டுவதில்லை. உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி போடுகிறார்கள், கடைசி நாள் 30 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15-இல் 20,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ். ஜூலை 10-இல் பில் வருகிறது. ஜூலை 30-இல் 1,000 மட்டும் கட்டுகிறீர்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. வட்டியை ஜூலை 30-இலிருந்து போடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குறைந்தது மீதி 19,000-க்காவது, வாங்கிய ஜூன் 15-இலிருந்தே போடுவார்கள். அடுத்த பில் வரும் ஆகஸ்ட் 10 வரை 56 நாளுக்குச் சுமார் 1,225 ரூபாய். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அது ஒரு 220. ஆகமொத்தம் 1,440 சொச்சம். ஆகஸ்ட் 10 பில்லில் நீங்கள் புதிதாக ஒரு கைக்குட்டைகூட வாங்காமலேயே 20,440-க்கு மேல் நிற்கும். ஆயிரம் கட்டியும் கடன் கூடியிருக்கும். இதற்கிடையில் புதிதாக ஏதாவது வாங்கினால் அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பழைய பாக்கி முழுதாகத் தீரும்வரை வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே கிடையாது.

மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அச்சடிக்கிறார்கள். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

‘அட்வான்ஸ்’ இதன் ஒன்றுவிட்ட தம்பி. நமக்கு அட்வான்ஸ் என்றால் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைப்பது, காலி செய்யும்போது பெயிண்ட் செலவு போகத் திரும்ப வரும். கார்டில் “கேஷ் அட்வான்ஸ்” என்றால் வங்கி நமக்குத் தரும் கைமாற்று, அதாவது கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டு எடுக்கும் பணம். அதற்கு வட்டியில்லா நாட்கள் ஒன்றுகூடக் கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, போதாக்குறைக்கு எடுப்பதற்கே தனிக் கட்டணம். ‘பிரின்சிபல்’ என்று வந்தால் ஸ்கூல் பிரின்சிபலை மறந்துவிட்டு ‘அசல்’ என்று படியுங்கள். ‘இன்ட்ரஸ்ட்’ ஆர்வமா வட்டியா என்ற குழப்பம் உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். கார்டு விற்கக் கூப்பிடும் பெண்ணிடம் “நாட் இன்ட்ரஸ்டட்” என்று சொன்னால் அவர் உங்களுக்கு வட்டி வேண்டாம் என்று புரிந்துகொள்ள மாட்டார். ‘ரிடீம்’ அழகான சொல்: அடகு வைத்த நகையை மீட்பதும் ரிடீம்தான், சேர்ந்த பாயிண்டுகளைக் கொடுத்துப் பொருளாக மாற்றிக்கொள்வதும் ரிடீம்தான். இரண்டிலும் நம்முடையது நம் கைக்கு வருகிறது.

பில்லின் அமைப்பே புரியவில்லை என்றால் மளிகைக்கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி “எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்று வருகிறோம். ஒரு நாள் அவர் கோடு போட்டுக் கூட்டுகிறார். அது ஸ்டேட்மென்ட் டேட். சம்பளம் வந்ததும் ஐந்தாம் தேதிக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பேச்சு. அது ட்யூ டேட். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே உள்ள நாட்கள் பில்லிங் சைக்கிள். “ஐயாயிரத்துக்கு மேல எழுத மாட்டேன்” என்று அவர் வைத்திருக்கும் அளவு கிரெடிட் லிமிட். அந்த நோட்டில் நாம் வாங்கியது பற்று, கட்டியது வரவு. ஆங்கிலத்தில் பற்று டெபிட், வரவு கிரெடிட். பில்லில் சில தொகைகளுக்குப் பக்கத்தில் ‘சிஆர்’ என்று இரண்டு எழுத்து இருந்தால் அது வரவு, நம் கடனைக் குறைக்கும் தொகை: நாம் கட்டியது, திருப்பி அனுப்பிய சட்டைக்கு வந்த ரீஃபண்ட், கேஷ்பேக். கிரெடிட் கார்டு என்ற பெயரில் வரும் கிரெடிட் கடன், இந்தக் கிரெடிட் வரவு. ஒரே சொல்லா என்றால் ஒரே சொல்தான். லத்தீனில் ‘நம்புதல்’ என்ற வேரிலிருந்து வந்தது. அண்ணாச்சி நம்மை நம்பி எழுதிக்கொள்கிறாரே, அந்த நம்பிக்கை.

இன்னொரு சின்னச் சொல்லைச் சொல்லாமல் விட்டால் ஜவுளிக்கடைக்காரரான நீங்களே சிரிப்பீர்கள். ஆடி மாதம் உங்கள் கடை வாசலில் ‘50% தள்ளுபடி’ என்று ஆளுயரத்துக்கு எழுதி, அதன் தலைமாட்டில் ‘அப் டூ’ என்று கடுகளவு எழுதியிருப்பார்கள் இல்லையா? அந்த ‘அப் டூ’ கார்டிலும் வரும். “அப் டூ 50 டேஸ் இன்ட்ரஸ்ட் ஃப்ரீ.” மேலே சொன்ன தேதிகளின்படி ஜூன் 11-இல் வாங்கினால் ஜூலை 30 வரை, ஏறக்குறைய 50 நாள். அதே பொருளை ஜூலை 9-இல் வாங்கினால் 21 நாள்தான். அதிகபட்சம் இவ்வளவு என்பதுதான் அப் டூ, எல்லோருக்கும் இவ்வளவு என்பதல்ல. ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்பதும் அந்த ஜாதிதான். வருடாந்தரக் கட்டணம் இல்லை என்று மட்டுமே பொருள். வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் ஆயுளுக்கும் உண்டு.

இப்போது ‘பிளாக்’. இது என் சொந்தக் குடும்பக் கதை. என் சித்தி மகன் கார்டு வேண்டாம் என்று முடிவு பண்ணி, கஸ்டமர் கேருக்குப் போன் செய்து “பிளாக் மை கார்டு” என்றான். “ரீசன்?” என்று கேட்டார்கள். அவனுக்கு வாயில் வந்தது “லாஸ்ட்”. கடைசியாக ஒருமுறை பயன்படுத்திவிட்டேன், இனி வேண்டாம் என்ற அர்த்தத்தில் சொன்னானாம். அந்தப் பக்கம் இருந்தவர் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கார்டை பிளாக் செய்து, மாற்றுக் கார்டு அச்சடித்து, பழைய வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்பி, அதற்குக் கட்டணமும் போட்டுவிட்டார்கள். இவன் எஸ்எம்எஸ்களைப் பார்க்கவே இல்லை. வருடாந்தரக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி, வட்டிக்கு வரி என்று ஏறி, இரண்டு வருடம் கழித்து பைக் லோன் கேட்கப் போன இடத்தில் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண், சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எண்ணூறு ரூபாய்க் கட்டணத்தில் ஆரம்பித்தது. வீட்டில் நான் ஒருத்தி கார்டு கம்பெனியில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

பிளாக் என்றால் தடுத்து நிறுத்துவது. கதவைப் பூட்டுவது போல, வீடு உங்கள் பேரில்தான் இருக்கும். ‘க்ளோஸ்’ என்றால் கணக்கையே முடிப்பது. நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம்: “ஐ வுட் லைக் டு க்ளோஸ் மை கிரெடிட் கார்டு அக்கவுண்ட் பெர்மனென்ட்லி.” அதோடு “ஐ டு நாட் வான்ட் எ ரிப்ளேஸ்மென்ட் கார்டு” என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கி எதுவும் இல்லாமல் இருந்தால், கேட்ட ஏழு வேலை நாளுக்குள் வங்கி கணக்கை முடித்தாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு சொல்கிறது. இந்த விதியைத் தெரிந்துவைத்து, “செவன் வொர்க்கிங் டேஸ்” என்று நீங்கள் ஒருமுறை உச்சரித்தால் எதிர்முனையின் குரல் மாறுவதைக் கேட்பீர்கள். நான் அந்த எதிர்முனையில் இருந்தவள், எனக்குத் தெரியும்.

போனில் பேசும் பயத்துக்கு வருகிறேன். நாக்கு ஒட்டிக்கொள்வதற்குச் சொல் பஞ்சம் காரணமில்லை. தமிழில் நாம் மரியாதையை ஒரு ‘ங்க’வில் முடித்துவிடுகிறோம். “சொல்லுங்க”, “பாத்துச் சொல்றீங்களா”. ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’ எங்கே என்று தெரியாமல் “ஐ வான்ட் பில்”, “டெல் மை லிமிட்” என்று சொல்லிவிட்டு, அது அதட்டலாகக் கேட்கிறதே என்று நமக்கே உள்ளூரக் கூசுகிறது. அந்த ‘ங்க’ ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முன்னால் வந்து உட்காரும்: “குட் யூ ப்ளீஸ்”, “ஐ வுட் லைக்”, “மே ஐ நோ”. இந்த மூன்றையும் நாக்கில் ஏற்றிவிட்டால் பின்னால் என்ன வந்தாலும் தாங்கும். “குட் யூ ப்ளீஸ் டெல் மீ மை அவைலபிள் லிமிட்?” “மே ஐ நோ ஒய் திஸ் சார்ஜ் வாஸ் மேட்?” எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால், “சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?” இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். கால் சென்டரில் அரை மணிக்கு ஒருவர் சொல்வார்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மிக ஜாக்கிரதை. நாம் “நீங்க இதை வாங்கலையா?” என்று கேட்டால் “ஆமா, வாங்கல” என்கிறோம். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிக் கிடையாது. செய்யவில்லை என்றால் ‘நோ’தான், கேள்வி எப்படி வந்தாலும். புகார்ப் பிரிவில் என் பக்கத்து இருக்கையில் புதிதாக ஒரு பையன், வட இந்தியாவிலிருந்து வந்தவன். வாடிக்கையாளர் கும்பகோணம் பக்கம். அவர் கார்டில் யாரோ 7,999 ரூபாய்க்கு ஏதோ வாங்கியிருக்கிறார்கள். பையன் கேட்கிறான், “ஸோ யூ டிட் நாட் மேக் திஸ் டிரான்சாக்ஷன், சார்?” அவர் உறுதியாக, “எஸ்! எஸ்!” பையன் ‘தான் செய்ததாக வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்’ என்று டைப் செய்து புகாரை மூடிவிட்டான். அதைத் திரும்பத் திறக்க மூன்று வாரம் அலைந்தார் மனிதர். ஆகவே எஸ், நோ இரண்டையும் தனியாக விடாதீர்கள். முழு வாக்கியமாகவே சொல்லுங்கள்: “நோ, ஐ டிட் நாட் மேக் திஸ் டிரான்சாக்ஷன். ஐ வான்ட் டு ரெய்ஸ் எ டிஸ்ப்யூட்.” இந்த இடத்தில் ‘ஐ வான்ட்’ சரிதான், இங்கே குழைய வேண்டியதில்லை. டிஸ்ப்யூட் என்றால் ‘இது என் கணக்கில் சேராது’ என்று எழுப்பும் ஆட்சேபம். விசாரித்து, கடைக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது சார்ஜ்பேக். உங்கள் பில்லில் ஏறிய தொகையை எடுத்துவிடுவது ரிவர்சல். போட்ட கட்டணத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது வெய்வ் செய்வது. கையசைக்கும் ‘வேவ்’வுக்கும் அதற்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்துதான் வேறு. “குட் யூ ப்ளீஸ் வெய்வ் தி லேட் ஃபீ?” என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டி வருகிறவர் முதல் தடவை கேட்டால் பல நேரம் விட்டுக்கொடுப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை. ஒரு விஷயம்: கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணமே போடலாம் என்பது விதி, அதற்குள் கட்டியிருந்தால் கெஞ்ச வேண்டியதே இல்லை. வட்டி தனி.

உச்சரிப்பில் நம் எழுத்தே நமக்கு ஒரு வம்பு. ‘பில்’ என்று தமிழில் எழுதினால் அது கடை பில்லா, மாத்திரையா? ‘பின்’ என்பது ரகசிய எண்ணா, குப்பைத்தொட்டியா? நமக்கு ஒரே ‘ப’, அவர்களுக்கு இரண்டு. உதடு ஒட்டித் திறக்கும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். ‘பணம்’ என்று சொல்லும்போது தொண்டை அதிராது, ‘கம்பம்’ என்பதில் நடுவில் வரும் ப-வுக்கு அதிரும். அந்த அதிர்கிற ப-வைச் சொல் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் கடை பில். பெயர், இமெயில் சொல்லும்போது எழுத்தை வெறுமனே சொல்லாமல் ஊர்ப் பெயரோடு சொல்லிவிடுங்கள்: “பி ஃபார் பெங்களூர்”, “எம் ஃபார் மதுரை”, “என் ஃபார் நாமக்கல்”. எம், என் போனில் ஒன்று போலவே கேட்கும், அதனால்தான். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் அப்படித்தான். கால் சென்டரில் எங்களுக்கே சந்தேகம் வந்தால் “ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?” என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீங்களும் அப்படியே கேட்கலாம். கடன் என்ற அர்த்தத்தில் வரும் ‘டெட்’ என்ற சொல்லில் ஒரு எழுத்து ஊமை. ரசீது ‘ரிசீட்’, அதிலும் ஒன்று ஊமை. எழுத்தைப் பார்த்து முழுதாக வாசிக்காதீர்கள்.

‘ஷேர்’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். நமக்கு ஷேர் என்றால் ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் ஷேர் மார்க்கெட். பங்கு. “டு நாட் ஷேர் யுவர் ஓடிபி வித் எனிஒன்” என்று எஸ்எம்எஸ்ஸில் வருவதைப் படித்து, “நான் யாருக்கும் பங்கு குடுக்கலையே, அவர் கேட்டார், சொன்னேன்” என்று அழுத ஒரு அம்மாவை நான் மறக்க மாட்டேன். அங்கே ஷேர் என்றால் சொல்வது, காட்டுவது, அனுப்புவது, எல்லாம்தான். “உங்க ரிவார்டு பாயிண்ட் இன்னைக்கு எக்ஸ்பயரி, ரிடீம் பண்ண ஓடிபி சொல்லுங்க” என்று வரும் அழைப்புகள் நல்ல ஆங்கிலத்தில், நல்ல தமிழிலும் வரும். வங்கியிலிருந்து யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள். எங்கோ நடந்த மோசடியில் உங்கள் தவறு இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கி தகவல் அனுப்பிய மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் கணக்கில்தான். அப்படி நடந்துவிட்டால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே கூப்பிடுங்கள், ஆங்கிலம் யோசிக்காமல் தமிழிலேயே.

பயிற்சிக்கு என்ன செய்வது என்றால், நான் என் மாணவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டு, தமிழுக்கு எண்ணை அழுத்தாமல் ஆங்கிலத்துக்கு அழுத்துங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண் வேண்டாம், போலி எண்கள் அங்கே நிறைய. எடுப்பது இயந்திரக் குரல். அதற்குக் கோபம் வராது, நம்மைப் பார்த்துச் சிரிக்காது, திரும்பக் கேட்க ஒரு எண்ணை அழுத்தினால் நூறு தடவையும் அதே நிதானத்தில் சொல்லும். “யுவர் டோட்டல் அமௌன்ட் ட்யூ இஸ்…” என்று அது சொல்லும்போது ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைச் சரிபாருங்கள். காது பழகும். ஒரு மாதம் இப்படிக் கேட்டவருக்கு மனிதர் பேசும் ஆங்கிலம் அவ்வளவு வேகமாகத் தெரியாது. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. வங்கி எஸ்எம்எஸ்களை முழு வாக்கியமாக அதில் எழுதி, கீழே உங்கள் வீட்டுத் தமிழில், புத்தகத் தமிழில் இல்லை, அர்த்தம் எழுதுங்கள். “டிரான்சாக்ஷன் டிக்ளைன்டு” என்றால் ‘பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புரியாத சொல்லாகிவிடும். ‘கார்டு எடுக்கலை’ என்று எழுதுங்கள். உங்கள் கடை கேஷியர் நாளுக்கு இருபது தடவை சொல்வது அதைத்தானே. அவரிடமே நின்று கேளுங்கள்: டேப், இன்செர்ட், கஸ்டமர் காப்பி, வாய்டு. அந்த மிஷின் திரையில் வரும் சொற்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இலக்கணத்தில் இரண்டே இரண்டு இடத்தில் உங்கள் கவனம் போதும். “ஐ ஆம் ஹேவிங் எ கார்டு” என்று வேண்டாம், “ஐ ஹேவ் எ கார்டு.” “ஐ ஹேவ் பெய்டு யெஸ்டர்டே” வேண்டாம், நேற்று என்று சொல்லிவிட்டால் “ஐ பெய்டு யெஸ்டர்டே.” மற்றதெல்லாம் தப்பும் தவறுமாக வரட்டும், புரிந்துகொள்வார்கள்.

அகராதி கேட்டீர்களே. கார்டோடு ஒரு கவரில் நான்காக மடித்த தாள் ஒன்று வந்திருக்கும். ‘மோஸ்ட் இம்பார்ட்டன்ட் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்று தலைப்பு. தூக்கிப் போட்டிருந்தால் வங்கியின் ஆப்பில் இருக்கும். நான் மேலே சொன்ன எல்லாச் சொற்களும், உங்கள் கார்டுக்கு உரிய எண்களோடு, அந்தத் தாளில் இருக்கின்றன. முதல் நாள் முழுவதையும் படிக்க முயலாதீர்கள், தூக்கம் வந்துவிடும். ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்ற வரியை மட்டும் தேடிக் கண்டுபிடியுங்கள். மாதத்துக்கு என்று ஒரு எண்ணும் வருடத்துக்கு என்று ஒரு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாத எண்ணைப் பெரிதாக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கணக்கை அந்த எண்ணை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்காவது இடித்தால் கேளுங்கள், சொல்கிறேன்.